போலந்து மண்சாலை ஓவியம் ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவர: காகிதம், செலவு, நாள் கணக்கு

போலந்தின் கிராக்கோ நகரில் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளில் எனக்குப் பிடித்துப்போன விஷயங்களில் ஒன்று, அந்த ஊர்க்காரர்கள் வரைந்த சாலை ஓவியங்கள். பெரிய நிகழ்ச்சி எதுவும் இருக்காது. வண்டித்தடம் பதிந்த மண்சாலை, ஓரமாகத் தலை வெட்டிய வில்லோ மரங்கள், மழை விட்ட பிறகு பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் கொஞ்சம் வானம். ஆள் நடமாட்டமே இராது. அப்படி ஒன்று என் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது இருக்கிறது. 34 செ.மீ. உயரம், 48 செ.மீ. அகலம், அட்டையில் எண்ணெய் வண்ணம்.

ஆனால் அது சுவருக்கு வந்து சேர ஏறக்குறைய ஏழு மாதம் ஆனது. நடுவில் ஒரு போலிக் கையெழுத்து ஓவியத்துக்குப் பணம் கொடுத்தேன், வரி கட்டாமல் மாட்டிக்கொண்டேன், ரசீது சரியில்லாமல் ஊருக்குப் போகும் பயணத்தைத் தள்ளிவைத்தேன். விஷயம் தெரிந்திருந்தால், பார்த்துப் பழகும் காலம் போக, எல்லாமே இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். போலந்தில் வேலைக்கோ படிப்புக்கோ இருக்கும் நம்மவர்கள் யாருக்காவது இதே ஆசை வந்தால், இந்த வரிசையில் போங்கள்.

1. வாங்கும் முன் இரண்டு மாதம் பார்க்க மட்டும் செய்யுங்கள்

கிராக்கோவின் பெரிய சதுக்கத்தில் இருக்கும் துணி மண்டபத்தின் மாடியில், தேசிய அருங்காட்சியகத்தின் 19ஆம் நூற்றாண்டு போலிஷ் ஓவியக் கூடம் உள்ளது. வார்சாவில் இருப்பவர்கள் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. டிக்கெட் செலவு மட்டும்தான். ஆனால் இந்தப் படியைத் தவிர்த்தால் பின்னால் ஆயிரக்கணக்கில் இழப்பீர்கள்.

என்ன பார்க்க வேண்டும்? நிழல்களைப் பாருங்கள். வ்வாதிஸ்வாவ் போத்கொவின்ஸ்கி, யூசெஃப் பான்கியெவிச் இருவரும் 1889இல் பாரிஸ் போய்த் திரும்பிய பிறகு வரைந்தவற்றில் நிழல் கறுப்பாக இராது. ஊதா, நீலம், சில இடங்களில் பச்சை. சாலை மண்ணின் நிறம்கூட ஒரே பழுப்பு அல்ல. கிட்டே போனால் ரோஜா நிறமும் சாம்பலும் தனித்தனித் தீற்றல்களாக நிற்கும், நான்கடி பின்னால் வந்தால் மண்ணாகிவிடும். யான் ஸ்தானிஸ்வாவ்ஸ்கியின் சின்னச் சின்னப் பலகை ஓவியங்களையும் விடாதீர்கள். சில உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான். அவர் 1897 முதல் கிராக்கோவில் நிலக்காட்சி வகுப்பு எடுத்தவர், மாணவர்களை வெளியே வயல்வெளிக்குக் கூட்டிப்போய் வரைய வைத்தவர். சந்தையில் நம்மால் வாங்கக்கூடியவை பெரும்பாலும் அந்த மாணவர்களும் அவர்களைப் பின்பற்றியவர்களும் வரைந்தவைதான். மூலம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தால்தான், பின்னால் ஒரு கடையில் மந்தமான சாயத்தில் அவசரமாக வரைந்த ஒன்றை யாராவது நீட்டும்போது கை தானாகப் பின்வாங்கும்.

2. விலை எல்லை 40,000 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) என்று வைத்துக்கொள்ளுங்கள்

பணம் இருந்தாலும் முதல் ஓவியத்துக்கு இந்த எல்லையைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் சட்டம். 50 வயதைத் தாண்டிய, 40,000 ஸ்லோட்டிக்கு மேல் மதிப்புள்ள ஓவியத்தைப் போலந்திலிருந்து நிரந்தரமாக வெளியே கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். வாட்டர்கலர், குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்), பாஸ்டல் (வண்ணச் சுண்ணக்குச்சி) என்றால் எல்லை 16,000தான். அனுமதி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இதைப் பற்றி 8ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயர்களைப் பொறுத்தவரை, போத்கொவின்ஸ்கி, பான்கியெவிச் போன்றவர்களின் நல்ல எண்ணெய் ஓவியங்கள் நம் கைக்கு எட்டாதவை, அவற்றை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்வோம். நீங்கள் தேட வேண்டியது அடுத்த வரிசையை: ஸ்தெஃபான் ஃபிலிப்கியெவிச், ஸ்தானிஸ்வாவ் காமொட்ஸ்கி, ஸ்தானிஸ்வாவ் சாய்கொவ்ஸ்கி, மசோவியச் சமவெளியை வரைந்த யூசெஃப் ராபாட்ஸ்கி, ம்யூனிக்கில் வாழ்ந்துகொண்டே போலந்துச் சேற்றுச் சாலைகளைச் சின்ன அளவில் வரைந்துகொண்டிருந்த ரோமன் கோஹனொவ்ஸ்கி. இவர்களிலும் விலை ஓவியத்துக்கு ஓவியம் மிகவும் மாறும். பெயர் பிரபலமில்லாத, ஆனால் நன்றாக வரைந்த ஒருவருடைய சாலை, பெரிய பெயரின் சுமாரான சாலையைவிட எவ்வளவோ மேல். நான் கடைசியில் வாங்கியது அப்படிப்பட்டதுதான்.

3. ஏலப் பட்டியலின் போலிஷ் சொற்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வார்சாவில் தேசா யூனிகும், ஆக்ரா-ஆர்ட், போல்ஸ்விஸ் ஆர்ட் போன்ற ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. கிராக்கோவிலும் சோபொத்திலும் உண்டு. ஆர்ட்இன்ஃபோ, ஒன்பிட் தளங்களில் பல ஏலங்களைச் சேர்த்தே தேடலாம். பழைய ஓவியங்கள் ‘ஸ்துகா தாவ்னா’ என்ற பிரிவில் வரும். தேட வேண்டிய சொல் ‘த்ரோகா’, அதாவது சாலை. ‘பேய்ஸாஷ்’ என்றால் நிலக்காட்சி.

மொழிபெயர்ப்பு ஆப் இந்தச் சொற்களில் சொதப்பும், ஆகவே மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘ஓலெய், ப்வூத்னோ’ என்றால் கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். ‘தெக்தூரா’ அட்டை, ‘தெஸ்கா’ மரப்பலகை, ‘ஸ்க்லெய்கா’ பிளைவுட். கையெழுத்து இருக்கும் இடத்தை இரண்டு எழுத்தில் சுருக்கியிருப்பார்கள்: பி.டி. வலது கீழ்மூலை, எல்.டி. இடது கீழ்மூலை. ‘துப்லோவானி’ என்று இருந்தால் பழைய கேன்வாஸுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அது குற்றமில்லை, ஆனால் பின்பக்கத் தடயங்கள் மறைந்துபோயிருக்கும்.

இனிமேல்தான் பணத்தைக் காப்பாற்றும் சொற்கள். ஓவியர் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லாவிட்டால், அது அவருடையது என்று நிறுவனம் சொல்கிறது. ‘ப்ஷிபிசிவானி’ என்று இருந்தால், அவருடையதாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது, அவ்வளவுதான். ‘க்ரொங்க்’ என்றால் அவர் வட்டத்தைச் சேர்ந்த யாரோ. ‘நாஷ்லதொவ்ட்ஸா’ என்றால் அவரைப் போலச் செய்தவர். ‘வெத்வுக்’ என்றால் அவர் ஓவியத்தைப் பார்த்து வரைந்த நகல். ‘நியெஒக்ரெஷ்லோனி’ என்றால் யாரென்று தெரியாது. கூடத்தில் மாட்டியிருக்கும்போது பெயர் பெரிய எழுத்திலும் இந்தச் சொல் சிறிய எழுத்திலும் இருக்கும். சிறிய எழுத்துக்குத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.

4. நேரில் போங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள்

ஏலத்துக்கு முன் சில நாட்கள் ஓவியங்களைக் காட்சிக்கு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணமில்லை. சுவரிலிருந்து இறக்கிக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள், கூச்சப்பட வேண்டாம். கையில் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு புற ஊதா டார்ச்சும் இருக்கட்டும். டார்ச் கடையில் மலிவாகவே கிடைக்கும்.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. இணையத்தில் ஒரு தனிநபர் விற்ற ‘வில்லோ மரச் சாலை’யை 4,200 ஸ்லோட்டிக்கு, புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். மூலையில் தெளிவான கையெழுத்து. பிறகு ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, “கையெழுத்தை மட்டும் பாருங்கள்” என்றார். ஓவியத்தில் இருந்த வயதான வெடிப்புகளின் மேல் கையெழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சாயம் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. ஓவியம் காய்ந்து, வயதாகி, வெடித்த பிறகு யாரோ பெயரை எழுதியிருக்கிறார்கள். சாலை உண்மையிலேயே பழையதுதான், பெயர்தான் பொய். அந்தப் பெயருக்காகத்தான் நான் மூன்று மடங்கு கொடுத்திருந்தேன்.

ஆகவே முதலில் கையெழுத்து. வெடிப்பு கையெழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் நல்ல அறிகுறி. கையெழுத்து வெடிப்புக்குள் வழிந்திருந்தால் விலகிவிடுங்கள்.

அடுத்து புற ஊதா வெளிச்சம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். பழைய வார்னிஷ் பச்சை கலந்த மங்கலில் ஒளிரும். அதன் நடுவே கறுப்புத் திட்டுகள் தெரிந்தால், அங்கே பின்னாளில் சாயம் பூசிச் சரிசெய்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு திட்டு பரவாயில்லை. வானம் முழுக்கத் திட்டாக இருந்தால் நீங்கள் வாங்குவது பழுதுபார்த்தவரின் வானத்தை. கேன்வாஸின் பின்புறமோ ஒட்டிய காகிதமோ பளிச்சென்று நீலமாக மின்னினால் கவனம். அந்த வெண்மையூட்டும் ரசாயனம் காகிதத்திலும் துணியிலும் பரவலானது 1950க்கு அப்புறம்தான். 1900 என்று சொல்லும் ஓவியத்தில் அது இருக்க வேலையில்லை. அதேபோல டைட்டானியம் வெள்ளை சாயம் ஓவியர்கள் கைக்கு வந்தது 1920 வாக்கில்தான். ஆய்வு செய்த அறிக்கை ஏதாவது இருந்தால் அதில் இந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

பின்பக்கத்தில் என்ன இருந்தாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காட்சிச் சங்கங்களின் சீட்டுகள் பெரிய புதையல். கிராக்கோவில் 1854இல் தொடங்கிய நுண்கலை நண்பர்கள் சங்கமும் வார்சாவில் 1860இல் தொடங்கிய ஸாஹென்தா சங்கமும் தங்கள் காட்சியில் வைத்தவற்றுக்குச் சீட்டு ஒட்டியிருக்கின்றன. எண், ஓவியர் பெயர், தலைப்பு எல்லாம் இருக்கும். ஆனால் சீட்டும் இடம் மாறக்கூடியது. சீட்டைச் சுற்றிலும் உள்ள அட்டையும் சீட்டுக்குக் கீழே உள்ள அட்டையும் ஒரே அளவு கறுத்திருந்தால், அது அண்மையில் ஒட்டியது.

ஓவியத்தில் என்ன பழுது, எங்கே சரிசெய்திருக்கிறார்கள் என்று சொல்லும் நிலைமை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் அனுப்புவார்கள், இலவசம்தான். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

5. திருட்டுப் பட்டியலும் போர் இழப்புப் பட்டியலும்

இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், ஆனால் கட்டாயம் செய்யுங்கள். இரண்டாம் உலகப் போரில் போலந்து இழந்த கலைப்பொருட்களைக் கலாச்சார அமைச்சகம் பட்டியலிட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. படத்தோடும் இருக்கும், வெறும் அளவும் தலைப்பும் மட்டுமாகவும் இருக்கும். திருடுபோன மரபுப் பொருட்களுக்குத் தனியாக ஒரு தேசியப் பட்டியல் உண்டு. இன்டர்போலின் ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியில் ஓவியத்தைப் படம் எடுத்துத் தேடலாம். ‘மண்சாலை’, ‘மழைக்குப் பின்’ என்றெல்லாம் ஒரே தலைப்பில் நூறு ஓவியங்கள் இருக்கும் என்பதால் தலைப்பைவிட அளவை வைத்துத் தேடுங்கள். செ.மீ. கணக்கு ஒத்துப்போனால் அங்கேயே நிறுத்திவிட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். தேடிய பக்கத்தை நாளோடு படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால், வாங்கும் முன் பார்த்தேன் என்று காட்டலாம்.

6. உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை நீங்கள் கட்டும் தொகை அல்ல. அதற்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் வரும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியான விகிதம் அந்தந்த ஏலத்தின் விதிமுறையில் இருக்கும். 6,500க்குச் சுத்தியல் விழுந்தால், 20 விழுக்காடு சேர்த்து 7,800. இணையத் தளம் வழியாக ஏலம் கேட்டால் அந்தத் தளத்தின் கட்டணம் தனியாகச் சேரலாம்.

அப்புறம் ஓவியரின் வாரிசுகளுக்குச் சேரும் மறுவிற்பனைப் பங்கு. ஓவியர் இறந்து 70 ஆண்டு முடியாவிட்டால் இது உண்டு. 50,000 யூரோ வரையிலான விலைக்கு 5 விழுக்காடு. பல நிறுவனங்கள் இதை வாங்குபவர் தலையில்தான் வைக்கின்றன. ஃபிலிப்கியெவிச்சும் காமொட்ஸ்கியும் 1944இல் இறந்தவர்கள், அவர்களுக்கு இது கிடையாது. ஆனால் அதே ஸ்தானிஸ்வாவ்ஸ்கியின் மாணவரான ஸ்தானிஸ்வாவ் காவெக் 1961இல் இறந்தவர், அவர் ஓவியத்துக்கு இன்னும் உண்டு. ஓவியரின் இறந்த ஆண்டைப் பார்ப்பது செலவுக் கணக்கின் ஒரு பகுதி என்பது எனக்கு ரசீது வந்த பிறகுதான் புரிந்தது.

தனிநபரிடம் வாங்கினால் ஏலக் கட்டணம் இல்லை, ஆனால் வரி உங்களுடையது. 1,000 ஸ்லோட்டிக்கு மேல் கொடுத்து ஒரு பொருளைத் தனிநபரிடமிருந்து வாங்கினால், 14 நாட்களுக்குள் பி.சி.சி.-3 என்ற படிவத்தை வரி அலுவலகத்தில் கொடுத்து 2 விழுக்காடு கட்ட வேண்டும். கட்ட வேண்டியவர் விற்றவர் அல்ல, வாங்கியவர். இது எனக்குத் தெரியாது. 4,200க்கு 84 ஸ்லோட்டி, தொகை சின்னதுதான். ஆனால் நாள் கடந்துவிட்டது. அப்படி ஆகிவிட்டால் பயந்து ஒளிய வேண்டாம். அலுவலகம் கண்டுபிடிக்கும் முன் நாமே முன்வந்து தவறை எழுதிக் கொடுக்க ‘சின்னி ஜால்’ என்றொரு முறை இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம், படிவம், வரி, சிறிது வட்டி. அபராதம் இல்லாமல் முடிந்தது.

7. ஏல நாள்

பதிவு செய்ய பாஸ்போர்ட்டோ வசிப்பிட அட்டையோ போதும். நேரில், தொலைபேசியில், இணையத்தில், அல்லது உச்சவரம்பை முன்னதாக எழுதிக் கொடுத்து என்று நான்கு வழிகள். புதியவர்களுக்கு எழுதிக் கொடுப்பதைத்தான் சொல்வேன். கூடத்தின் வேகத்தில் நம் போலிஷ் எண்கள் தடுமாறும், உணர்ச்சியில் கை தானாக உயரும். உச்சவரம்பை எழுதும்போது கட்டணத்தைக் கழித்து எழுதுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ‘நிபந்தனை விற்பனை’. உங்கள் தொகை, விற்பவர் ரகசியமாக வைத்த குறைந்தபட்சத்தை எட்டாவிட்டால், சுத்தியல் விழுந்தாலும் விற்பனை உறுதி இல்லை. நிறுவனம் விற்பவரிடம் பேசும். அந்த நாட்களில் நீங்கள் உங்கள் தொகைக்குக் கட்டுப்பட்டவர், அவர் கட்டுப்பட்டவர் அல்ல. அந்த இடைவெளியில் இன்னொரு ஏலத்தில் வேறொரு சாலைக்குக் கை தூக்கிவிடாதீர்கள், இரண்டும் உங்கள் பெயருக்கு வந்து நிற்கும்.

பணம் கட்ட வழக்கமாக ஒரு வாரம், பத்து நாள் தருவார்கள். தாமதித்தால் வட்டியும் வைப்புக் கட்டணமும் சேரலாம். 10,000 யூரோவைத் தொடும் வாங்கல் என்றால் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அடையாளச் சான்றும் கேட்பார்கள், அது சட்டம். வங்கிக் கணக்கு வழியாகவே கட்டுங்கள்.

8. நாட்டைவிட்டு எடுத்துப்போகும் காகிதம்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

50 வயதும் 40,000 ஸ்லோட்டியும், இந்த இரண்டு எல்லைகளையும் ஒருசேரத் தாண்டினால்தான் அனுமதி. இரண்டில் ஒன்றைத் தாண்டாவிட்டாலும் அனுமதி தேவையில்லை. ஆனால் ‘தேவையில்லை’ என்பதை விமான நிலையத்தில் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சுங்க அதிகாரியோ எல்லைக் காவலரோ சந்தேகப்பட்டால், அனுமதி வேண்டாத பொருள் என்று காட்டும் ஆவணம் கேட்கலாம். வாயால் சொல்லும் விலையை யாரும் ஏற்க மாட்டார்கள்.

என்ன ஆவணம்? எளிதானது, மரபுப் பொருள் வியாபாரத்தில் உள்ள நிறுவனம் கொடுக்கும் ‘ஃபக்தூரா’, அதாவது ரசீது. ஆனால் அந்த ரசீதைப் பார்த்தால் இந்த ஓவியம்தான் என்று அடையாளம் தெரிய வேண்டும். எனக்கு வந்த ரசீதில் ஏல எண்ணும் தொகையும் மட்டும் இருந்தன. ‘பொருள் எண் இத்தனை, ஒன்று’. அதை வைத்து எதையும் காட்ட முடியாது. திருத்தித் தரச் சொல்லி மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பினேன். கணக்குப் பிரிவு ஒரு பதில், ஓவியப் பிரிவு வேறு பதில். எடுத்த விமான டிக்கெட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: ரசீதில் ஓவியர் பெயர் அல்லது ‘பெயர் தெரியாதவர்’ என்ற குறிப்பு, தலைப்பு, எந்தச் சாயம் எதன்மேல், செ.மீ. அளவு, வரைந்த ஆண்டு அல்லது காலம், கையெழுத்து இருக்கும் இடம், இவ்வளவும் வேண்டும். கூடவே நிறுவனத்தின் முத்திரையோடு படம் ஒட்டிய ஒரு தாள், அதில் காலமும் மதிப்பும். பணம் கட்டும் முன் கேட்டால் அன்றைக்கே தருவார்கள். கட்டிய பிறகு கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும்.

தனிநபரிடம் வாங்கியிருந்தால் ரசீது இராது. அப்போது அருங்காட்சியகமோ, அமைச்சரின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரோ, மரபுப் பொருள் வியாபார நிறுவனமோ படத்தோடு எழுதித் தரும் கால மதிப்பீடும் விலை மதிப்பீடும் வேண்டும். என் முதல் ஓவியத்துக்கு அப்படித்தான் செய்தேன். 600 ஸ்லோட்டி செலவு, இரண்டரை வாரம். விற்றவரோடு ஒரு விற்பனை ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் போதும். வரிப் படிவத்துக்கும் அதுதான் ஆதாரம்.

ஓவியம் இரண்டு எல்லைகளையும் தாண்டியிருந்தால், மாகாண மரபுப் பாதுகாவலர் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தர அனுமதியை முடிவு செய்பவர் கலாச்சார அமைச்சர். அந்த ஓவியம் வெளியே போனால் நாட்டின் மரபுக்கு இழப்பு என்று கருதினால் மறுக்கலாம். அனுமதி கிடைத்தால் 12 மாதம் செல்லும். நாள் கணக்கில் ஒரு மாதம் என்று நம்ப வேண்டாம், இரண்டு மாதத்துக்கு மேலேயே வைத்துத் திட்டமிடுங்கள். அனுமதி இல்லாமல் எடுத்துப்போவது குற்றம். மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

நம்மவர்கள் பலர் தப்பாக நினைத்திருக்கும் ஒன்று: பெர்லினுக்குக் காரில் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்பினால் அனுமதி வேண்டாம் என்று. எல்லையில் சுங்கச் சோதனை இல்லை என்பது உண்மை. ஆனால் போலந்தின் சட்டம் போலந்தைவிட்டு வெளியே போவதைத்தான் பேசுகிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனாலும் அது பொருந்தும். ஒன்றியத்தைவிட்டே வெளியே போக ஐரோப்பிய அனுமதி தனி. எண்ணெய் ஓவியத்துக்கு அந்த எல்லை 150,000 யூரோ, வாட்டர்கலருக்கு 30,000. நமக்கு அது பெரும்பாலும் வராது.

9. பொதி கட்டுதல்

சின்ன அளவைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இங்கே தெரியும். போலந்தின் லாட் விமானத்தில் கைப்பை அளவு 55, 40, 23 செ.மீ. என் ஓவியம் சட்டகத்தைக் கழற்றியதும் அதற்குள் அடங்கியது. பழைய சட்டகத்தைத் தனியாகச் சுற்றிப் பெட்டியில் அனுப்பினேன். ஓவியத்தை மட்டும் ஒருபோதும் பெட்டியில் போடாதீர்கள், கையோடு வையுங்கள்.

குமிழி உறையைச் சாயத்தின்மேல் நேராகச் சுற்றக் கூடாது. வெப்பத்தில் குமிழியின் வட்டங்கள் வார்னிஷில் பதிந்துவிடும், பிறகு போகாது. முதலில் அமிலமில்லாத மெல்லிய காகிதம் அல்லது கிளாசின் காகிதம் (வழவழப்பான, ஒளி ஊடுருவும் தாள்), நான்கு மூலைக்கும் அட்டை மூலை, முன்னும் பின்னும் தடித்த அட்டை, அதற்கு மேல்தான் குமிழி உறை. கிராக்கோவில் கலைப்பொருள் கடைகளில் எல்லாம் கிடைக்கும். பாதுகாப்புச் சோதனையில் பிரிக்கச் சொல்லலாம் என்பதால் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டாதீர்கள், ரிப்பனால் கட்டுங்கள். ரசீதின் நகல் பொதிக்குள், மூலம் சட்டைப் பையில்.

பெரிய ஓவியம் என்றால் கூரியர்தான். ஆனால் பல கூரியர் நிறுவனங்களின் காப்பீடு கலைப்பொருளைச் சேர்ப்பதில்லை. விதிமுறையில் அந்த வரியைத் தேடிப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

10. இந்தியாவில் இறங்கும்போது

விமான நிலையச் சுங்கத்தில், வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். போலிஷ் ரசீதை யாராலும் படிக்க முடியாது, ஆகவே கிளம்பும் முன் போலந்திலேயே உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கக் கணக்கில் கட்டணம், இரண்டு மூன்று நாள். வரி விகிதம் மாறிக்கொண்டே இருப்பது, பயண வாரத்தில் ஒரு சுங்க முகவரிடம் கேட்டுத் தொகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய ரசீதைத் தொலைக்காதீர்கள்.

முக்கியமாக ஒன்று. இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டத்தில் 100 ஆண்டு கடந்த ஓவியமும் தொல்பொருள்தான். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டு ஆண்டு இருந்துவிட்டு மறுபடி ஐரோப்பா போகும் எண்ணம் உள்ளவர்கள், 1900இல் வரைந்த சாலையை ஊருக்குக் கொண்டுவரும் முன் இதை நிதானமாக யோசியுங்கள். என்னுடையது 1930களில் வரைந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பத்தாண்டைத் தேர்ந்தெடுத்தேன்.

11. சுவர்

போலந்தில் இருக்கும்வரை ஹீட்டருக்கு மேலே மாட்டாதீர்கள். குளிர்காலத்தில் அந்த வறண்ட சூடு சாயத்தை உரித்துவிடும். நம் ஊரில் பிரச்சினை தலைகீழ்: ஈரம். அட்டை ஓவியம் வளையும், கேன்வாஸ் தொய்யும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவர் வேண்டாம், குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம். உள்சுவரில், சட்டகத்தின் கீழ்மூலைகளில் சின்ன தக்கைத் துண்டு ஒட்டி, பின்னால் காற்று போகும்படி மாட்டுங்கள். வெயில் நேரே விழக் கூடாது.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். ரசீது, மொழிபெயர்ப்பு, நிலைமை அறிக்கை, தேடிய பக்கங்களின் படம், சுங்க ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். ஓவியத்துக்குப் பின்னால் ஒட்டிவைக்காதீர்கள், அங்கே ஏற்கெனவே யாரோ 1930களில் பென்சிலால் எழுதிய ‘த்ரோகா’ என்ற ஒரு சொல் இருக்கிறது என்றால், அது மூடப்படாமல் இருக்கட்டும்.